இரண்டு பேருக்கு மட்டி

1996 ஏப்ரல் 2
மிகாவா கடற்கரை

கினுயோவுக்கு,

மினோரு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஈதா மலைப்பக்கம் இன்னும் குளிர் விட்டிருக்காது. கழுத்தில் கம்பளித் துணி இல்லாமல் வெளியே போகாதே.

நீ தங்கை வீட்டுக்குப் போய் இன்றோடு முப்பது நாள். அங்கே வேலை முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

இங்கே சோறு வைத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் கடையில் வாங்குவதுதான். நேற்று முன்தினம் மீன்காரத் தொமே அக்கா ஒரு வலைப்பை நிறைய மட்டிச் சிப்பி கொடுத்தாள். பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்துப் போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் ஒன்றுகூட அசையவில்லை. நாற்றம் தெருவரை போயிற்று. தொமே அக்கா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"என்னய்யா அமானோ, கடல்ல பொறந்தது குழாத்தண்ணியில பொழைக்குமா? எல்லாத்தையும் பொண்டாட்டி தலையில கட்டிட்டு உக்காந்திருந்தா இப்படித்தான்."

நீ மட்டியை அரிசி மதுவில் வேகவைத்துக் கொண்டுவருவாயே, அது மூன்று நிமிட வேலை என்று சொல்வாய். அதை எழுதி அனுப்பு. நீ வரும்வரை சமாளிக்க வேண்டும்.

மினோரு

•

1996 ஏப்ரல் 9
ஈதா

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. செத்த மட்டியை ஒரு வாயாவது சாப்பிட்டுப் பார்க்கவில்லையே? அதை எழுதவில்லை நீங்கள். வயிறு சரியாக இருக்கிறதா?

முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் தங்கை ஹருனோவுக்கு உதவி செய்ய வரவில்லை. கிளம்பிய அன்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னேன்: திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை, மழைக்காலம் முடிவதற்குள் முடிவு சொல்கிறேன் என்று. நீங்கள் செய்தித்தாளைத் திருப்பினீர்கள். கேட்டிருக்கும், பதில் சொல்லத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆகவே எந்த ரயில் என்று இப்போது கேட்காதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரவுச் சாப்பாட்டிலும் அதே மட்டிதான். அந்த வேளை முழுக்க நீங்கள் பேசியது ஒரே வார்த்தை. "மணல்." பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் மனையியல் நடத்தியவளிடம் கணவர் சொன்ன ஒரே மதிப்பீடு. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. சேதி அவ்வளவுதான்.

சரி, மட்டி. மூன்று நிமிடம் என்பது அடுப்பில் வைத்த பிறகு. அதற்கு முன்னால் அது மணலைக் கக்க மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு. என் வகுப்புப் பிள்ளைகளிடம் அளவு சொல்ல மாட்டேன், நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். போன கோடையில் நீச்சலடித்தபோது வாய்க்குள் போன தண்ணீர் மாதிரி இருக்கிறதா? இருந்தால் சரி. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டையான தட்டில் பரப்புங்கள். தண்ணீர் அவற்றின் தலை மட்டத்துக்கு இருந்தால் போதும். மேலே செய்தித்தாள் போட்டு இருட்டாக்கி, கிட்டே போகாமல் விட்டுவிடுங்கள். பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளையைப் போலத்தான் அதுவும். வெளிச்சமும் சத்தமும் இருந்தால் வாயைத் திறக்காது.

பிறகு தண்ணீரை வடித்து ஒரு மணி நேரம் சும்மா வையுங்கள். ஓட்டோடு ஓடு உரசிக் கழுவுங்கள். செத்தது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். முப்பத்தெட்டு வருடம் ஆலையில் இரும்பைத் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது பிரித்தவர், இதை நான் சொல்லித்தர வேண்டாம். வாணலியில் மட்டி, அரைக் கோப்பை மது, இரண்டு துண்டு இஞ்சி. மூடி போட்டுப் பெரிய தீ. வாய் திறந்ததும் அணைத்துவிட்டு நாலு சொட்டு சோயா சாஸ், நறுக்கிய வெங்காயத்தாள். உப்பு வேண்டாம், அதன் வயிற்றிலேயே கடல் இருக்கிறது.

கினுயோ

•

1996 ஏப்ரல் 21

கினுயோவுக்கு,

செத்ததைச் சாப்பிடவில்லை. வயிறு நன்றாக இருக்கிறது.

நேற்று நீ எழுதியபடி செய்தேன். மொத்தம் இருபத்தாறு. தட்டியதில் இரண்டு மந்தம், எறிந்துவிட்டேன். வாணலியில் போட்டது இருபத்து நான்கு, திறந்தது இருபத்தொன்று. மணல் இரண்டில். வெந்த நேரம் மூன்று நிமிடம் நாற்பது நொடி. செய்தித்தாள் போடும் முன் அவை நீர் பீய்ச்சியதில் காலண்டர் நனைந்து ஏப்ரல் முழுக்க அழிந்துவிட்டது. தொமே அக்காதான் வந்து துடைத்துக் கொடுத்தாள்.

"அமானோ, உனக்கு மட்டியும் மரியாத குடுக்க மாட்டேங்குதே."

"திறந்துச்சு, இருபத்தொண்ணு."

"எண்ணினியா? சாப்பிட்டியா எண்ணினியா?"

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இஞ்சி இன்னும் மெல்லியதாக நறுக்க வேண்டும்.

மழைக்காலம் வரவே இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. முடிவு சொல்ல அவ்வளவு நாள் எதற்கு? பின்பக்க ஓட்டில் ஒழுகல் இருந்ததே, அடைத்துவிட்டேன். நீ வந்தால் உன் பெட்டி வைக்கும் மூலை காய்ந்துதான் இருக்கும்.

மினோரு

•

1996 மே 5
ஈதா

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஹருனோவுக்குப் படித்துக் காட்டினேன். ஆப்பிள் மரத்தின்மேல் ஏணியில் நின்றபடி சிரித்தாள்.

"அக்கா, அத்தான் எழுதினது பரீட்ச விடைத்தாள் மாதிரி இருக்கு. மார்க் போட்டு அனுப்பிடு."

"இருபத்தாறுக்கு இருபத்தொண்ணு. பாஸ்தான்," என்றேன்.

"பாஸானா வீட்டுக்குப் போயிடுவியா?"

நான் அடுத்த கிளைக்கு நகர்ந்தேன். இங்கே இப்போது பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டுவைக்கும் வேலை. நுனியில் பஞ்சு கட்டிய குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். கழுத்து விட்டுப்போகிறது. ஆனால் பக்கத்து மரத்தில் இருப்பவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மாமியார் கதை, மாட்டுக் கதை, நேற்றுக் கண்ட கனவு. ஒரு நாளில் எனக்குக் கிடைக்கும் பேச்சு, நம் வீட்டில் ஒரு வருடத்துக்குக் கிடைத்ததைவிட அதிகம். முதல் வாரம் காது வலித்தது. இப்போது பழகிவிட்டது.

நீங்கள் ஒழுகலை அடைத்தது தெரிந்து சந்தோஷம். உண்மையாகவே. அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கையெழுத்தில் ஒரு முழுப் பக்கம் வந்தது நமக்குக் கல்யாணம் ஆன முப்பத்தாறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

என் வகுப்பில் நொகாவா என்று ஒரு பையன் இருந்தான். முட்டை சுருட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் செய்து தட்டில் வைத்ததும் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வான். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டான். "சமையல் தட்டில் முடிவதில்லை, எதிரே உட்கார்கிறவரிடம்தான் முடிகிறது" என்று அவனுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தேன். கடைசி வருடம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தான். முகம் முழுக்க வேர்த்திருந்தது, ஆனாலும் உட்கார்ந்தான். மனிதரால் முடியும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அடுத்த கடிதத்தில் மட்டியைத் தவிர ஒன்று எழுதுங்கள். எதுவானாலும் சரி.

கினுயோ

•

1996 மே 18

கினுயோவுக்கு,

மட்டியைத் தவிர எழுதச் சொன்னாய். பத்து நாளாக யோசித்தேன். மழைத்தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்தேன். நடுவில் எலும்பாகிப்போன ஒரு குருவி இருந்தது. முடிதிருத்தும் குராதா நீ எங்கே என்று கேட்டார். தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்றேன். "ஆப்பிள் காய்க்கிற வரைக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் இல்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் மட்டி. கடைசி நான்கு தடவையும் போட்டது அத்தனையும் திறந்தது. மணல் இல்லை. தொமே அக்காவிடம் இரண்டு பேருக்கு வாங்குகிறேன்.

"தனி ஆளுக்கு எதுக்குய்யா இவ்ளோ?" என்கிறாள்.

"நீ கொடு," என்றேன்.

சீசன் ஜூன் கடைசியோடு முடிகிறது. அதற்குள் நீ வந்தால் செய்துதர முடியும். நீ உட்கார்ந்திருக்கலாம். எழுந்திருக்க வேண்டியதில்லை.

மினோரு

•

1996 ஜூன் 10
ஈதா

அன்புள்ள உங்களுக்கு,

நான் வந்தேன். ஆறாம் தேதி, வியாழக்கிழமை.

'நீ உட்கார்ந்திருக்கலாம்' என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்காகத்தான் வந்தேன். பையில் ஒரு வாரத்துக்கு உடுப்பு இருந்தது. ஒரு வாரம் இருந்து பார்ப்போம், நன்றாக இருந்தால் மிச்சத்தை அனுப்பச் சொல்லலாம் என்று ஹருனோவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முன்னால் சொன்னால் நீங்கள் ஸ்டேஷனில் விறைப்பாக நிற்பீர்கள், அதனால் சொல்லவில்லை. மாலை ஐந்தரை மணிக்கு நம் வீட்டுப் பின்பக்கம் வந்துவிட்டேன். நல்ல வெளிச்சம். இஞ்சியும் மதுவும் கலந்த ஆவி வாசனை வேலிவரை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

மேசையில் இரண்டு பேருக்குச் சாப்பாடு. என் இடத்தில் என் கிண்ணம், அதில் சோறு, சோற்றில் செத்தவர்களுக்கு நடுவதுபோல் சாப்பாட்டுக் குச்சிகள் இரண்டும் செங்குத்தாக. எதிரே நீங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள்.

"பாத்தியா, இன்னிக்கும் எல்லாம் தொறந்துடுச்சு. நீ முதல்ல எடுத்துக்க. அந்தப் பெருசு உனக்குத்தான்."

பிறகு நீங்களே சிரித்தீர்கள்.

"ஒண்ணு சொன்னா கேலி பண்ணக்கூடாது. கல்யாணத்துக்கு அடுத்த வருசம், மழையில, நீ பசங்களை வரிசையா அணைக்கட்டு மேல கூட்டிட்டுப் போனே. பச்சக் குடை. நான் ஆலைக்குப் போற சைக்கிள்ல பின்னாடியே வந்தேன். பேர் சொல்லிக் கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. பசங்க சிரிப்பாங்களேன்னு விட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல தெரியுமா? இப்படி ஒருத்தி நம்ம வீட்டுலதான் இருக்கான்னு..."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். இன்னும் எத்தனையோ சொன்னீர்கள். பிள்ளை தங்காமல் போன அந்தக் குளிர்காலத்தைப் பற்றிக்கூடச் சொன்னீர்கள். அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. உங்களுக்கு வலிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

உள்ளே வரவில்லை. தொயோஹாஷியில் ஒரு விடுதியில் தங்கிவிட்டு மறுநாள் இங்கே திரும்பினேன். நினைத்ததை எழுத எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

கினுயோ

•

1996 ஜூன் 14

கினுயோவுக்கு,

கடிதம் படித்தேன். உடனே எழுதுகிறேன். தவறு என்னுடையது.

நீ செத்தவள் என்று நினைத்து வைக்கவில்லை. தூரம் போனவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று அவர் இடத்தில் சாப்பாடு வைப்பார்களே, அதைத்தான் வைத்தேன். எனக்கு எட்டு வயதில் அப்பா போருக்குப் போனார். அம்மா தினமும் அவர் இடத்தில் வைப்பாள். அதைப் பார்த்த ஞாபகத்தில் செய்தேன். என் ஞாபகத்தில் குச்சிகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

தொமே அக்காவிடம் கேட்டேன். அவளுக்கு எங்கள் வீடு அப்போதே தெரியும்.

"அட மடையா! உங்கப்பன் உசுரோட இருக்கிற வரைக்கும் உங்கம்மா குச்சியப் படுக்கத்தான் வெச்சா. சாவுக் கடுதாசி வந்ததுக்கப்புறம்தான் நட்டா. நீ சின்னப்பய, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிட்டே. போ, போய் மொதல்ல அதப் படுக்க வை. உசுரோட இருக்கிறவளுக்கு எவனாவது இப்படிக் குத்தி வைப்பானா?"

அம்மா மாற்றி வைத்த நாள் எனக்கு நினைவில்லை. அதுதான் பிழைக்குக் காரணம். இப்போது குச்சிகளைப் படுக்கவைத்துவிட்டேன். பிழை திருத்தியாயிற்று.

சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கிறது. எந்த ரயிலில் வருகிறாய்?

மினோரு

•

1996 ஜூன் 28
ஈதா

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்தபோது அழுதேன். அந்த எட்டு வயதுப் பையனை எனக்கு யாரும் அறிமுகம் செய்துவைத்ததில்லை. குச்சிகளுக்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றும் இல்லை. நீங்கள் வைத்தது ஆசையால்தான் என்று ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

ஒன்றை அன்று எழுதாமல் விட்டேன். நான் திரும்பிப் போகவே நினைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக் கதவைத் தட்டினேன். நீங்கள் அந்தக் கணமே பேச்சை நிறுத்தினீர்கள்.

"யாரு? அங்கயே வெச்சுட்டுப் போங்க."

தொமே அக்கா என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருடம் நான் குடியிருந்த குரல் அது. கதவு திறந்து என்னைப் பார்த்தால் நீங்கள் எழுந்து, பையை வாங்கி மூலையில் வைத்து, "ம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் என் இடத்தில் உட்காருவேன். பிறகு அந்த அறையில் சத்தமே இருக்காது. நான் தட்டியது ஒரு கதவை. அடைபட்டது உங்கள் வாய். என் இடத்தில் நான் இல்லாதபோது மட்டும் உங்களால் என்னோடு பேச முடிகிறது. நான் வந்து உட்கார்ந்தால், நீங்கள் எதிரே நினைத்துக்கொள்ளும் அவள் போய்விடுவாள், உங்களுக்குப் பேச ஆள் இருக்காது.

இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று தெரியும். கரும்பலகை முன் தனியாக நின்று கணக்கைச் சரியாகப் போடும் பிள்ளை, வகுப்பு நிறைந்ததும் ஒரு எண்ணும் எழுதாது. வருடத்துக்கு வருடம் பழக்கலாம். ஆனால் எனக்கு அறுபது வயது. காத்திருக்கும் பொறுமையை ஊர்ப் பிள்ளைகளுக்கே செலவழித்துவிட்டேன் போலிருக்கிறது. அதற்கு நீங்கள் என்மேல் கோபப்படலாம்.

விவாகரத்துப் படிவத்தை உள்ளே வைத்திருக்கிறேன். என் பகுதியை நிரப்பி முத்திரை போட்டாயிற்று. உங்கள் முத்திரையும் சாட்சிகள் இருவர் கையெழுத்தும் வேண்டும். அங்கேயே ஊர் அலுவலகத்தில் கொடுக்கலாம், இல்லாவிட்டால் எனக்கு அனுப்பலாம். அலுவலகத்தில் காரணம் கேட்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

கோடையில் மட்டி வாங்காதீர்கள், சீக்கிரம் கெட்டுவிடும். கணவாய் மீனைக் கீறி அதே மதுவில் ஒரு நிமிடம் வதக்கினால் போதும். காய்கறியும் சாப்பிடுங்கள்.

கினுயோ

•

1996 ஜூலை 15

கினுயோவுக்கு,

படிவம் உள்ளே இருக்கிறது. அலுவலகத்துக்கு இரண்டு தடவை போய் வாசலோடு திரும்பிவிட்டேன். அதனால் உனக்கே அனுப்புகிறேன்.

சாட்சியாகக் குராதாவும் தொமே அக்காவும் எழுதியிருக்கிறார்கள். குராதா ஒன்றும் கேட்கவில்லை. தொமே அக்கா மீன் கையைத் துணியில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

"ஒரு தடவ ரயில் ஏறிப் போயேன்யா. ஆறு மணி நேரம்தானே."

"போய் என்ன பேச?"

"அதுவும் தெரியலேன்னா, கொடு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் பதினைந்தில் ஈதா போகும் ரயில் நேரங்களைக் குறித்து வைத்திருந்தேன். காலை ஆறு பத்துக்கு ஒன்று இருக்கிறது. போகவில்லை.

நீ எழுதியது சரி. கதவு தட்டும் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று எழுந்து திறந்திருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை எழுதப் பதினைந்து நாள் ஆயிற்று. மேலே பெயர் போடாமல் ஆரம்பித்தபோது பதினொரு பக்கம் வந்தது. நல்ல தாளில் உன் பெயரை எழுதிவிட்டு அந்தப் பக்கங்களைப் பார்த்துப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். உன் பெயருக்குக் கீழே கை ஓடவில்லை. பார்த்து எழுதக்கூட முடியவில்லை. ஆகவே இவ்வளவுதான் அனுப்ப முடிகிறது.

முத்திரை நன்றாகக் காய்ந்த பிறகே மடித்திருக்கிறேன். உனக்குப் பதில் எழுதும் சிரமம் வேண்டாம்.

அமானோ மினோரு